மூச்சு வாங்கும் இடம்: ஒரு பாட்டின் பின்னால் நாலு நாள்

முதல் நாள், புதன்: நாஷ்வில்

அக்கா அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் நர்ஸாக இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினாள். எனக்கு முற்பகல், அவளுக்கு நடுராத்திரி. "வார்டுல ஒரு வயசான அம்மா, தூக்கம் வராம இதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்றாங்க. நீயும் கேளு" என்று கீழே எழுதியிருந்தாள். அமெரிக்கப் பாடகி பேட்ஸி க்ளைன் 1961-இல் பாடிய 'க்ரேஸி'. மூன்று நிமிஷம்கூட இல்லாத பாட்டு. அன்றைக்கு மட்டும் பத்து தடவையாவது கேட்டிருப்பேன்.

விட்டுப்போனவனை நினைத்து ஒருத்தி தன்னையே பைத்தியம் என்று சொல்லிக்கொள்வதுதான் பாட்டு. அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. போய்விடுவான் என்று தெரிந்தேதான் மனசைக் கொடுத்தேன் என்கிறாள். 'பைத்தியக்காரி' என்று நாம் கொஞ்சியும் சொல்வோம், நொந்தும் சொல்வோம். அவள் குரலில் அந்த ஒரு சொல் இரண்டு மாதிரியும் கேட்கிறது. இந்தப் பாட்டு எங்கே பிறந்தது, பாடியவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. அக்டோபரில் அக்காவுக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. கிளம்பிவிட்டோம்.

காலையில் நாஷ்வில்லின் பிராட்வே தெரு. பதினொரு மணிக்கே கடைக்குக் கடை கிடாரும் டிரம்ஸும். நாங்கள் தேடிப் போனது ஊதா நிறச் சுவர் கொண்ட டூட்ஸீஸ் ஆர்க்கிட் லவுஞ்ச். 1960-இல் டூட்ஸி பெஸ் என்ற அம்மாள் தொடங்கிய மதுக்கடை. சுவர் முழுக்கப் போட்டோக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. பின்வாசலைத் திறந்தால் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ரைமன் அரங்கம். 1943 முதல் 1974 வரை 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது. மேடையில் பாடி முடித்தவர்கள் சந்தைத் தாண்டி இங்கே வந்து உட்காருவார்கள். பாட்டு எழுதிப் பிழைக்க வந்தவர்களும் இங்கேதான் காத்துக் கிடப்பார்கள்.

அப்படிக் காத்துக் கிடந்தவர்களில் ஒருவர் டெக்சாஸிலிருந்து வந்த வில்லி நெல்சன். இன்றைக்கு உலகறிந்த பெயர். அப்போது ஒரு பாட்டுப் பதிப்பகத்தில் வாரச் சம்பளம் 50 டாலர். அவர் எழுதிய 'க்ரேஸி'யை முதலில் பில்லி வாக்கர் என்ற பாடகரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பெண் பாட வேண்டிய பாட்டு இது என்று அவர் வேண்டாம் என்றுவிட்டார். அப்புறம் ஒரு ராத்திரி டூட்ஸீஸில் பேட்ஸியின் கணவர் சார்லி டிக்குக்கு வில்லி இந்தப் பாட்டின் மாதிரிப் பதிவைப் போட்டுக் காட்டினார். சார்லிக்குப் பிடித்துப்போனது. இப்போதே வா, அவளிடம் போட்டுக் காட்டலாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நள்ளிரவு தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் அந்தம்மாவை எழுப்புவதா என்று கூச்சப்பட்டு வில்லி இறங்காமல் காரிலேயே உட்கார்ந்திருந்தார். பேட்ஸியே வெளியே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இது வில்லி சொல்லும் கதை.

பேட்ஸிக்கு முதலில் பாட்டு பிடிக்கவில்லை. வில்லி பாடும் விதம்தான் காரணம். தாளம் ஒரு பக்கம் போகும், அவர் வார்த்தையைக் கொஞ்சம் தாமதித்து, பேசுகிற மாதிரி பின்னால் விடுவார். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிது இல்லை. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு எடுப்பதை அநாகத எடுப்பு என்போம். வில்லிக்கோ வரிக்கு வரி அந்தத் தாமதம். அதோடு, கன்ட்ரி என்ற அமெரிக்க கிராமியப் பாட்டுக்கு மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும் என்றிருந்த ஊரில் இந்தப் பாட்டில் கார்டுகளும் அதிகம். அந்தாளு மாதிரி என்னால் பாட முடியாது என்று பேட்ஸி சொல்லிவிட்டார். அவரை மாதிரி ஏன் பாட வேண்டும், உன் மாதிரி பாடு என்று வழி சொன்னவர் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி.

மதியம், இசை ஸ்டுடியோக்கள் நிறைந்த மியூசிக் ரோ பகுதிக்குப் போனோம். தெருமுனைச் சின்னப் பூங்காவில் ஓவன் பிராட்லி வெண்கலச் சிலையாகப் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் இருக்கிறது. அக்கா உட்கார்ந்தாள். வெயிலில் பெஞ்சு சுட்டது, இருந்தும் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

1954-இல் ஓவனும் தம்பி ஹரால்டும் 16-ஆவது அவென்யூவில் ஒரு பழைய வீட்டை 7,500 டாலருக்கு வாங்கினார்கள். ஸ்டுடியோவுக்கு இடம் போதாமல் பின்புறம் ராணுவத்தில் கழித்துப் போட்ட தகரக் கொட்டகை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி இருக்கும். குவான்செட் கொட்டகை என்று பெயர். இன்றைக்கு உலகத்துக்கே தெரிந்த மியூசிக் ரோ அந்தத் தகரத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. 1962-இல் கொலம்பியா நிறுவனம் வாங்கிச் சுற்றிலும் கட்டடம் எழுப்பிவிட்டதால் தெருவிலிருந்து பார்த்தால் கொட்டகை தெரியாது. இடையில் ஆபீஸாகக் கிடந்தது. 2006-க்குப் பிறகு பழையபடி ஸ்டுடியோவாக்கி, இப்போது பெல்மான்ட் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே ஒலிப்பதிவு பழகுகிறார்கள். நாங்கள் நடைபாதையில் நின்று சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சுவருக்குப் பின்னால் 1961 ஆகஸ்ட் 21-ஆம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூன் 14 அன்று, நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் பேட்ஸி போன காரும் எதிரே வந்த காரும் நேருக்கு நேர் மோதின. தம்பி ஓட்டினார், பேட்ஸி முன் கண்ணாடியில் போய் விழுந்தார். நெற்றி கிழிந்து, மணிக்கட்டு முறிந்து, இடுப்பு மூட்டு நழுவி, விலா எலும்புகளும் உடைந்தன. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. ஜூலையில் சக்கர நாற்காலியில் ஆப்ரி மேடைக்கு வந்து முகம் காட்டினார். மாதக் கடைசியில் டல்சா நகரத்தில் முழுக் கச்சேரியே பாடினார். ஸ்டுடியோவுக்கு வந்ததும் ஊன்றுகோலோடுதான்.

அந்தக் காலத்தில் மூன்று மணி நேரத்தில் நாலு பாட்டு முடித்துவிடுவார்கள். அன்றைக்கு நாலு மணி நேரம் போயும் ஒரு பாட்டு முடியவில்லை. மேல் சுரத்துக்குப் போகும்போதெல்லாம் விலா வலித்தது. கடைசியில் பிராட்லி வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துவைத்துக்கொண்டு பேட்ஸியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உடம்பு தேறியபின் பேட்ஸி திரும்பி வந்தார். பியானோவில் ஃபிளாய்ட் கிரேமர், கூடப் பாட ஜோர்டனேர்ஸ் குழு, எல்லாரும் ஏற்கெனவே தங்கள் பங்கை முடித்துவிட்டிருந்தார்கள். அந்தப் பதிவின் மேல் ஒரே தடவையில் பாடினார். நாம் கேட்பது அதைத்தான்.

ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம் கேட்டேன். இரண்டு மாதம் கழித்தும் வலிக்குமா?

"விலா எலும்புக்கு மாவுக்கட்டு போட முடியாதுடா. அதுவா கூடணும். ஆறு வாரமாவது ஆகும், நிறைய பேருக்கு அதுக்கப்புறமும் வலி போகாது. கை உடைஞ்சா கையை ஆட்டாம வெச்சுக்கலாம். மூச்சு விடாம இருக்க முடியுமா? ஒவ்வொரு மூச்சுக்கும் உடைஞ்ச இடம் அசையும். வலிக்குதுன்னு மேலோட்டமா மூச்சு விட்டா நிமோனியா வந்துரும். அதனால தலையணையை நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு இருமச் சொல்லுவோம். பந்து ஏறுற பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து இழுக்கச் சொல்லுவோம். பெரிய பெரிய ஆம்பளைங்க அந்தப் பந்தை ஏத்த முடியாம அழுதிருக்காங்க."

சொல்லிவிட்டு, மேஜை மேலிருந்த கைக்குட்டையை மடித்து விலாவில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

இரண்டாம் நாள், வியாழன்: கேம்டன்

காலையில் மழை. மேற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். வழியில் பாட்டு போடவில்லை. அக்காதான் வேண்டாம் என்றாள்.

1961 அக்டோபரில் 'க்ரேஸி' இசைத்தட்டு வெளியானது. கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசையில் 2-ஆம் இடம், பொதுத் தரவரிசையில் 9-ஆம் இடம். கன்ட்ரி பாட்டை நகரத்துக்காரர்களும் காசு போட்டு ஜூக்பாக்ஸில் கேட்டார்கள். பிடிலையும் கிராமத்து அழுகையையும் குறைத்து, பியானோவும் மென்மையான கோரஸும் சேர்த்து பிராட்லி போன்றவர்கள் உண்டாக்கிய பாணிக்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயர். கன்ட்ரியைக் கெடுத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அழுகையைக் குறைத்ததால்தான் அந்தக் குரலில் இருந்த துக்கம் வெளியே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

பேட்ஸிக்கு அதற்குப்பின் இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை.

1963 மார்ச் 3, கான்சாஸ் சிட்டியில் ஒரு நிதியுதவிக் கச்சேரி. கார் விபத்தில் இறந்துபோன வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குடும்பத்துக்காக. பேட்ஸிக்கு அப்போது காய்ச்சல். ஆனாலும் பாடினார். மறுநாள் மூடுபனியால் விமானம் கிளம்பவில்லை. பாடகி டாட்டி வெஸ்ட், என்னோடு காரில் வந்துவிடு என்று கூப்பிட்டார். வீட்டில் நாலு வயசுப் பெண்ணும் இரண்டு வயசுப் பையனும் காத்திருக்கிறார்கள், கார் என்றால் நாள் முழுக்கப் போகும். பேட்ஸி காத்திருந்தார். மார்ச் 5 மதியம் சின்ன பைப்பர் விமானத்தில் நாலு பேர் கிளம்பினார்கள். பேட்ஸி, பாடகர்கள் ஹாக்‌ஷா ஹாக்கின்ஸ், கௌபாய் கோபாஸ், ஓட்டியவர் பேட்ஸியின் மேலாளர் ராண்டி ஹியூஸ். கோபாஸுக்கு மருமகன் அவர். டயர்ஸ்பர்கில் இறங்கி எரிபொருள் போட்டார்கள். வானிலை சரியில்லை, ராத்திரி தங்கிப் போங்கள் என்று விமான நிலையத்துக்காரர் சொல்லியிருக்கிறார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று மாலை 6:07-க்கு மேலே ஏறினார்கள். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி ராண்டிக்கு இல்லை. கேம்டன் காட்டில் விழுந்தது. கிடைத்த கைக்கடிகாரம் 6:20-இல் நின்றிருந்தது.

கேம்டன் ஊருக்குள்ளிருந்து மவுண்ட் கார்மெல் சாலையில் கொஞ்ச தூரம் போய் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தினோம். மழை விட்டிருந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு பாதை சரிவாக இறங்குகிறது. ஈர இலைகள் வழுக்கின. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கீழே ஒரு பெரிய பாறை, அதில் நாலு பேர் பெயர். யாரோ பிளாஸ்டிக் ரோஜாக்கள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், இதழ்களில் மழைத்தண்ணீர் நின்றது. வேறு யாரும் இல்லை. மரங்களிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

விடியற்காலையில் இந்தக் காட்டுக்குள் தேடி வந்தவர்களில் பாடகர் ரோஜர் மில்லரும் ஒருவர். நண்பர்களின் பெயரைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாராம். ஹாக்கின்ஸின் மனைவி ஜீன் ஷெப்பர்டும் பாடகிதான், அப்போது எட்டு மாதக் கர்ப்பம். விபத்துக்குச் சற்று முன்னால் வெளியான ஹாக்கின்ஸின் இசைத்தட்டு, அவர் போன பிறகு கன்ட்ரி தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. பேட்ஸிக்கு வயது 30. இந்தப் பாறையில் எல்லாருக்கும் ஒரே தேதி.

அக்கா பிளாஸ்டிக் பூக்களை ஒவ்வொன்றாக உதறி, தண்ணீரைக் கொட்டி, திரும்ப வைத்தாள். நாங்கள் ஒன்றும் பேசாமல் மேலே ஏறினோம்.

மூன்றாம் நாள், வெள்ளி: பிரிஸ்டல்

நாள் முழுக்க ரோடு. நாக்ஸ்வில்லில் அக்கா வீட்டில் அரை மணி நேரம், செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சாயந்திரம் பிரிஸ்டல். ஸ்டேட் தெருவின் நடுக்கோடுதான் எல்லை, ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா. 1927 கோடையில் ரெக்கார்டு தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் இங்கே ஒரு தொப்பிக் கிடங்கில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, மலைக் கிராமத்துப் பாடகர்களைக் கூப்பிட்டார். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் அப்படி வந்தவர்கள்தான். கன்ட்ரி இசை தொப்பிக் கிடங்கில் ஆரம்பித்தது, தகரக் கொட்டகையில் வளர்ந்தது. நாங்கள் போனபோது அங்குள்ள மியூசியத்தை அன்றைக்கு மூடிவிட்டிருந்தார்கள். அக்கா நடுக்கோட்டில் இரண்டு மாநிலத்திலும் ஒவ்வொரு கால் வைத்து நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள்.

நாலாம் நாள், சனி: வின்செஸ்டர்

வர்ஜீனியாவில் 81-ஆம் நெடுஞ்சாலை பிரிஸ்டலில் தொடங்குகிறது. மைல் எண் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் 313-இல் வின்செஸ்டர். இடது பக்கம் மலை, வலது பக்கம் மலை, நடுவில் ஷெனண்டோவா பள்ளத்தாக்கு. மரங்கள் பாதி பச்சை, பாதி சிவப்பு. விடியுமுன் கிளம்பியதால் மதியத்துக்குள் போய்விட்டோம்.

தெற்கு கென்ட் தெரு, 608. சின்ன வீடு. பார்க்கக் கஷ்டமாக இருந்தது, அவ்வளவு சின்னது. 1948-இல் 16 வயசில் அம்மா, தம்பி, தங்கையோடு பேட்ஸி இங்கே குடிவந்தார். அப்போது பெயர் வர்ஜீனியா ஹென்ஸ்லி, வீட்டில் ஜின்னி. அப்பா விட்டுப் போய்விட்டார். படிப்பை நிறுத்திவிட்டு மருந்துக் கடையில் சோடா கலக்கும் வேலைக்குப் போனார். அம்மா ஹில்டா தையல் வேலை செய்தார். மகளின் மேடை உடைகளையும் அவர்தான் தைத்தார், விளிம்பில் குஞ்சம் வைத்த கௌகேர்ள் சட்டைகள். 1957 ஜனவரியில் மகளைத் தொலைக்காட்சித் திறமைப் போட்டிக்குக் கூட்டிப்போனதும் அந்த அம்மாதான். அன்றைக்குப் பேட்ஸி ஜெயித்தார், நாடே திரும்பிப் பார்த்தது.

உள்ளே ஒரு தையல் மெஷின். அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டாள். எங்கள் அம்மாவும் ரவிக்கை தைத்துத்தான் அக்காவை நர்ஸிங் படிக்கவைத்தார். அதைப்பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாடியில் ஒரே படுக்கையறை, எல்லாரும் அங்கேதான் தூங்கினார்களாம். சுற்றிக் காட்டிய பெண்மணி, இங்கே பாடினால் தெருவரை கேட்கும் என்றார். சுவர் அவ்வளவு பக்கம்.

பேட்ஸி உயிரோடிருந்தபோது இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் அவரை மதிக்கவில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்து ஏழைப் பெண், மதுக்கடையில் பாடுகிறவள். 1973-இல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் தனிப் பாடகியாக இடம் பெற்ற முதல் பெண் இவர்தான். 2003-இல் 'க்ரேஸி'யை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் சேர்த்தது. இந்த வீடு அருங்காட்சியகமானது 2011-இல்தான். ஊர் ரொம்பத் தாமதமாகத்தான் பேட்ஸியைச் சேர்த்துக்கொண்டது. எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது.

ஐந்தரைக்கு ஷெனண்டோவா மெமோரியல் பார்க். போகும் சாலைக்கே இப்போது பேட்ஸி க்ளைன் பெயர். கல்லறை என்றால் தரையோடு தரையாக ஒரு வெண்கலத் தகடு, அவ்வளவுதான். பெரிய எழுத்தில் டிக் என்ற கணவர் குடும்பப் பெயர், வர்ஜீனியா என்ற சொந்தப் பெயர். பேட்ஸி க்ளைன் என்பது சின்னதாகத்தான் இருக்கிறது. தெரியாமல் வந்தால் தாண்டிப் போய்விடலாம். தகட்டின் மேல் சில்லறைக் காசுகள், நிறைய. அக்கா பையைத் துழாவி ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்து, மற்ற காசுகளோடு வைத்தாள். எப்போது ஊருக்கு வந்தபோது பையில் தங்கியதோ.

ஆறு மணிக்கு மணிக்கூண்டிலிருந்து தோத்திரப் பாட்டு ஒலித்தது. பேட்ஸி போன வேளையில் தினமும் ஒலிக்கும். லோரெட்டா லின், டாட்டி வெஸ்ட் என்ற இரண்டு தோழிகள் உதவி எழுப்பிய கூண்டு இது. ஒலித்து முடிகிறவரை நின்றோம்.

அப்புறம் அக்கா, "இப்போ போடு" என்றாள். நாலு நாளில் முதல் தடவை. போனை அவள் கையில் கொடுத்தேன். புல்லில் உட்கார்ந்து, கண்ணை மூடி, காதோடு வைத்துக்கொண்டாள். பாட்டு தொடங்கியதும் இன்னொரு கை தானாக மடியில் விரல் மடக்கத் தொடங்கியது. அக்கா நோயாளியின் மூச்சை எண்ணுகிறபோது இப்படித்தான் செய்வாள் என்பது எனக்குத் தெரியும். வரி முடிந்து அடுத்த வரி எடுக்கும் முன்னால், பேட்ஸி மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு விரல். மேலே ஏறும் இடத்துக்கு முன்னால் இன்னொரு விரல். பியானோ குறுக்கே வந்தபோது கை அசையாமல் காத்திருந்தது. பாதிக்கு மேல் விரல்கள் நின்றுவிட்டன. முகத்தைப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சுடா" என்றாள். "இன்னொரு தடவை முதல்லேருந்து போடு."